வெற்று மேப்பிள் பலகை: வீதிக்கா, சுவருக்கா?

படமோ பெயரோ அச்சிடப்படாத, ஏழு அடுக்கு மேப்பிள் மரத்தாலான, 8.25 அங்குல அகலமுள்ள ஸ்கேட்போர்ட் பலகையைப் பற்றிய மதிப்பீடு இது. இத்தகைய வெற்றுப் பலகைகளைச் சிறு தொகையாக வரவழைத்து விற்பவர்கள் கொழும்பில் சிலர் உண்டு. நான் வாங்கியதும் அப்படிப்பட்ட ஒருவரிடம்தான். கடைக்கென்று பெயர்ப்பலகை கிடையாது. வீட்டின் முன்னறையில் ஓர் அலுமாரி, ஒரு மேசை, சக்கரங்களும் ஆணிகளும் போட்டுவைத்த பிஸ்கட் தகரங்கள், அவ்வளவுதான். பலகையிலும் உற்பத்தியாளரின் பெயர் இல்லை. எனவே பெயருக்காகக் கூடுதலாகக் கொடுத்தோமா என்ற கேள்விக்கே இடமில்லாமல், பொருளைப் பொருளாக மட்டும் பார்க்க முடிகிறது.

விற்பனையாளர் ஓர் இளைஞர். பலகையை உறையிலிருந்து எடுக்கும்போதே, "அண்ணா, இத ஓடப் போறீங்களா, வரைஞ்சு மாட்டப் போறீங்களா?" என்று கேட்டார். இரண்டுக்கும்தான் என்றேன். "ரெண்டுக்கும் ஒரே பலகை சரிவராது" என்று சொல்லிவிட்டு, இன்னொன்றையும் எடுத்து மேசையில் வைத்தார். அதில் வியாபாரச் சாமர்த்தியம் இருந்தது உண்மைதான்; ஆயினும் அவர் சொன்னதில் பிழையில்லை. ஓவியத்தையும் ஸ்கேட்போர்டையும் ஒரே வாழ்க்கைக்குள் வைத்துக்கொள்ள விரும்பும் எவரும், முதற்கோட்டை இழுப்பதற்கு முன்பே தீர்க்க வேண்டிய கேள்வி அது. எந்த நிறத்தைப் பூசுவது, எவ்வளவு பணம் கேட்பது, படத்தின் உரிமையை யாரிடம் விடுவது என்பனவெல்லாம் அந்த ஒரு பதிலைப் பொறுத்தே அமைகின்றன.

அவசரமாக வாசிப்பவர்களுக்காக முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓடுவதற்கு இந்தப் பலகை, பெரிய நிறுவனங்களின் படம் போட்ட பலகைக்குச் சற்றும் குறைந்ததில்லை. வரைபரப்பாக, இதே விலைக்குக் கிடைக்கும் கன்வஸைவிடச் சுவையானது; ஆனால் அதைவிட அதிகமாக உழைப்புக் கேட்பது. இதை மட்டும் நம்பி ஒருவர் கொழும்பில் பிழைக்கலாமா என்றால், முடியாது.

பலகையின் அமைப்பிலிருந்து தொடங்கலாம். ஸ்கேட்போர்ட் பலகைக்குப் பெரும்பாலும் பயன்படும் மரம் வட அமெரிக்காவின் குளிர்ப் பிரதேசங்களில், குறிப்பாகப் பெரும் ஏரிகளைச் சூழ்ந்த பகுதிகளில் வளரும் கடின மேப்பிள். குளிர்காலம் நீண்டிருப்பதால் அங்கே மரம் மெதுவாக வளர்கிறது. மெதுவாக வளர்வதால் நார் நெருங்கி உறுதியாகிறது. ஒன்றரை மில்லிமீற்றர் அளவிலான ஏழு தகடுகளுக்கு இடையே பசை பூசி, அச்சுக்குள் வைத்து அழுத்தும்போது, பத்து மில்லிமீற்றருக்குச் சற்று மேற்பட்ட தடிப்புள்ள பலகை கிடைக்கிறது. ஏழில் பெரும்பாலானவற்றின் நார் நீளவாக்கில் ஓட, உள்ளே இரண்டின் நார் மட்டும் குறுக்காக ஓடும். அந்தக் குறுக்குத் தகடுகள் இல்லாவிட்டால் பலகை நீளத்துக்குப் பிளந்துவிடும். வெற்றுப் பலகைகள் பெரும்பாலும் சீனாவிலோ மெக்சிகோவிலோ அழுத்தப்படுகின்றன. பெயர் போட்ட பலகைகளில் பலவும் அங்கேதான் அழுத்தப்படுகின்றன என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை பக்கவிளிம்பில் இருக்கின்றன. ஏழு கோடுகளும் இடைவெளியின்றி ஒட்டியிருக்க வேண்டும். ஓரிடத்தில் நகம் நுழையுமளவுக்கு வெடிப்பு இருந்தாலும் அந்தப் பலகையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பின்னர், பலகையைச் சமமான தரையில் குப்புற வைத்துப் பார்க்க வேண்டும். மூக்கு, வால் எனப்படும் முன், பின் முனைகள் தரையைத் தொட்டு நிற்கையில் பலகை மூலைக்கு மூலை ஆடினால், அது முறுகிப்போயிருக்கிறது என்று பொருள். நான் பார்த்த பலகைகளில் விளிம்பு சுத்தமாக இருந்தது. முறுக்கம் இருந்த ஒன்றை விற்பனையாளர் தாமாகவே ஒதுக்கி வைத்தார். ஆணித் துளைகள் எட்டும் நேராகத் துளைக்கப்பட்டிருந்தன. நடுப்பகுதியின் குழிவு மிதமானது, காலுக்கு இதமானது. மேற்தகடு சில பலகைகளில் சிவப்பாகவும் சிலவற்றில் பச்சையாகவும் சாயமேற்றப்பட்டிருக்கும்; கீழ்த்தகடு சாயமின்றி மர நிறத்தில் இருப்பதைக் கேட்டு வாங்குங்கள், ஏனெனில் வரையப்போவது அங்கேதான்.

கொழும்பின் காற்று இந்த மரத்துக்குப் பகை. மே மாதத்திலிருந்து செப்ரெம்பர் வரை நீளும் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், அதிலும் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி போன்று கடலை ஒட்டிய பகுதிகளில், வீட்டுக்குள் வைத்த பலகைகூட ஈரத்தை உறிஞ்சிக் கனக்கும். ஈரம் ஏறிய மரத்தில், ஓட்டுபவர்கள் பொப் என்று சொல்லும் எகிறும் விசை குறைந்துவிடுகிறது. விளிம்புத் தகடுகள் பிரியத் தொடங்குகின்றன. அதனால் ஒரே நேரத்தில் நான்கைந்து பலகைகளை வாங்கி அடுக்கிவைப்பதில் இலாபமில்லை. தேவைக்கு ஒன்றாக வாங்குவதும், வாங்கியதைச் சுவரில் சாய்த்து வைக்காமல் படுக்கையாக வைப்பதும், பொலித்தீன் உறையைப் பிரிக்காமல் வைத்திருப்பதும் போதும்.

இனி வரைபரப்பு. முப்பத்திரண்டு அங்குல நீளமும் எட்டேகால் அங்குல அகலமும் என்றால் தாராளமான இடம்போலத் தோன்றும். உண்மையில் அது ஒடுங்கிய, நீண்ட, நடுவில் வளைந்த, இரு முனைகளிலும் மேலெழுந்த பரப்பு. கிடையாக வைத்து நிலக்காட்சி வரையலாம் என்று எண்ணுபவர்கள் ஒரு பலகையோடு அந்த எண்ணத்தைக் கைவிட்டுவிடுவார்கள். நிற்கும் உருவம், தூண், மரம், பாம்பு, தீச்சுவாலை, கையை உயர்த்திய மனிதன் போன்றவை இதில் தாமாகவே பொருந்துகின்றன. ஓடுவதற்கான பலகையானால், ட்ரக் எனப்படும், சக்கரங்களைத் தாங்கும் உலோக அச்சுகள் இரண்டும் கீழ்ப்பரப்பில் ஆளுக்கோர் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். சக்கரங்கள் மேலும் கொஞ்சத்தை மறைக்கும். இரண்டு ட்ரக்குகளுக்கும் நடுவே எஞ்சுவது ஏறத்தாழ ஓரடிதான். முகத்தை வரைவதானால் அந்த ஓரடிக்குள் வரைய வேண்டும். கண்கள் ஆணித் துளைகளில் விழுந்த படங்களை நான் பார்த்திருக்கிறேன். வேண்டுமென்றே அப்படி வரைந்தால் அது நகைச்சுவை; தெரியாமல் வரைந்தால் பரிதாபம்.

இந்தக் கட்டுப்பாடுகளை மிக நன்றாகப் புரிந்துகொண்டவர்கள் 1980களின் அமெரிக்கப் பலகை ஓவியர்கள். பவல் பெரால்ற்றா நிறுவனத்துக்காக வெர்னன் கோர்ட்லண்ட் ஜோன்சன் 1983இல் வரைந்த, துணியைக் கிழித்துக்கொண்டு எட்டிப்பார்க்கும் எலும்புக்கூட்டையும், சாந்தா குரூஸ் நிறுவனத்துக்காக ஜிம் பிலிப்ஸ் 1985இல் வரைந்த, உள்ளங்கையில் வாய் திறந்து அலறும் நீலக் கையையும் உற்றுப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் ஓர் உருவம் மட்டுமே; தடித்த புறக்கோடு; பத்தடி தூரத்திலிருந்து பார்த்தாலும், பாதி தேய்ந்து போனாலும் இன்னதென்று தெரியும் வடிவம். அந்தக் காலத்தில் வளைந்த பலகைமீது திரை அச்சு முறையில் நிறத்துக்கு ஒரு திரை வீதம் கையால் அச்சிட்டார்கள். ஆகவே நிறங்களில் சிக்கனம் தானாக வந்தது. 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் வெப்ப இடமாற்று முறை பரவியது. படம் முதலில் மெல்லிய பிளாஸ்டிக் தாளில் அச்சிடப்பட்டு, பின்னர் சூடான உருளையால் பலகைமீது அழுத்தப்படுகிறது. புகைப்படத்தையே ஒட்டலாம், எத்தனை நிறமும் போடலாம், மலிவு. ஆனால் ஒரு தகட்டைப்போல உரிந்து வரும் அந்தப் படத்தில், தேய்ந்த பின் எஞ்சும் அழகு கிடையாது என்பது என் கருத்து.

தேய்வதைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பொருளுக்கும் மற்ற எல்லா வரைபரப்புகளுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. போர்ட்ஸ்லைட் என்பது பலகையின் நடுவயிற்றைப் படிக்கட்டுக் கம்பியிலோ சீமெந்துத் திண்ணை விளிம்பிலோ வைத்து வழுக்கிச் செல்வது. அது நடுப்பகுதிப் படத்தைக் குறுக்காக அழிக்கும். மூக்கையோ வாலையோ வைத்து வழுக்கினால் அந்தந்த முனையில் உள்ளது போகும். வாலைத் தரையில் உரசி நிறுத்தும் பழக்கமுள்ளவரானால் வால் நுனி கத்திபோல ஆகும்வரை தேயும். ஒருவர் எந்த வித்தையை அதிகம் செய்கிறார் என்பதை அவருடைய பலகையின் காயங்களைப் பார்த்தே சொல்லிவிடலாம். இரண்டு வாரம் வரைந்த படம் ஒரு மாலைப்பொழுதில் போய்விடும். மார்கழியில் விடியுமுன் போட்ட கோலம் காலடிகளில் அழிவதற்காகவே போடப்பட்டது என்பதை அறிந்த நமக்கு இது அவ்வளவு அந்நியமான செய்தியும் அன்று. கோலம் போடுபவர் அதற்குப் பணம் வாங்குவதில்லை என்பதுதான் தொழிலாக இதைச் செய்பவர் யோசிக்க வேண்டிய இடம்.

ஆகவே ஓடும் பலகைக்கு நான் வரைவது வேறுவிதம். நுணுக்கமான வேலைப்பாட்டை ட்ரக்குகளைச் சுற்றியுள்ள, உரசல் குறைந்த பகுதியில் வைக்கிறேன். நடுவில் தட்டையான பெரிய நிறப்பரப்பை வைத்து, அது அழிந்து மரம் தெரியும்போது அந்த மர நிறமும் படத்தின் பகுதியாக வரும்படி அமைக்கிறேன். இப்படி வரைய இந்தப் பலகை இடம் கொடுக்கிறது, ஏனெனில் கீழ்த்தகடு வெளிர்நிறத்தில், கறையில்லாமல், நெருங்கிய நாரோடு இருக்கிறது.

நேரடியாக வரைய முடியாது. தொழிற்சாலையிலிருந்து வரும்போதே பலகைமீது மெல்லிய அரக்குப் பூச்சு உண்டு. அதன்மேல் நீர்சார்ந்த எந்த நிறமும் பிடிக்காது; நகத்தால் சுரண்டினாலே வரும். நடுத்தரமான சாண்ட் பேப்பரால் நாரின் போக்கில் தேய்த்து அந்தப் பளபளப்பை எடுத்து, ஈரத்துணியால் தூசியைத் துடைத்து, ஓரிரவு காயவிட்ட பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். தூசி நுண்மையானது, முகக்கவசம் அணியாமல் தேய்க்க வேண்டாம். அக்ரிலிக் நிறத்தைத் தூரிகையால் பூசலாம். ஆனால் பலகை ஓவியர்கள் பலரும் விரும்புவது நிற மார்க்கர்களை. ஜப்பானின் மிற்சுபிஷி பென்சில் நிறுவனம் 1983இல் அறிமுகப்படுத்திய பொஸ்கா மார்க்கர்கள் இவற்றில் பெயர் பெற்றவை. நீர்சார்ந்த நிறமி என்பதால் மணம் இல்லை, சிறிய அறையில் மின்விசிறியின் கீழ் இருந்து வேலை செய்யலாம். கீழுள்ள நிறம் காய்ந்த பின் அதன்மேல் வெளிர் நிறத்தை வைத்தாலும் மறைக்கும். புறக்கோட்டுக்கு மெல்லிய முனை, நிரப்புவதற்கு அகன்ற முனை என்று இரண்டு அளவுகள் இருந்தால் தொடங்கிவிடலாம். முழுப் பெட்டியை வாங்காமல் கறுப்பு, வெள்ளை, இன்னும் மூன்று நிறங்கள் என்று தனித்தனியாக வாங்குவது நல்லது. கறுப்பும் வெள்ளையும்தான் முதலில் தீர்ந்துபோகும்.

பூச்சை முடிப்பதில் கவனம் தேவை. நீர்சார்ந்த நிறத்தின்மேல் நீர்சார்ந்த வார்னிஷைத் தூரிகையால் இழுத்தால் கோடுகள் கரைந்து அலையும். முதலில் தூவும் வார்னிஷை மெல்லிய படலங்களாக இரண்டு மூன்று முறை அடித்து, அவை காய்ந்த பின்னரே தூரிகையைத் தொட வேண்டும். மழைக்காலத்தில் இந்தப் படலம் வெண்மையாகப் பூத்துவிடுவதுண்டு. காற்றில் ஈரம் மிகும்போது எந்தத் தூவும் வார்னிஷுக்கும் வரக்கூடிய சீர்கேடு அது. மழை விட்ட நாளில், முற்பகலில், வெளியே வைத்துத் தூவுவதே வழி. ஓடும் பலகைக்கு வார்னிஷ் தேவையில்லை என்று சிலர் சொல்வதை நான் ஏற்கிறேன். தடித்த பூச்சு திண்ணை விளிம்பில் ஒட்டிப் பிடிக்கும், வழுக்குவதற்குப் பதிலாக நின்றுவிடும். ஓட்டுபவர் முன்னால் போய் விழுவார். மெல்லிய படலமாகத் தூவி, மேலே மெழுகு தேய்த்துக் கொடுத்தால் போதும்.

ஓட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எட்டேகால் அங்குலம் எல்லோருக்கும் பொருந்தக்கூடிய நடுத்தர அளவு. ஒல்லி அடிக்கும்போது, அதாவது வாலைத் தரையில் தட்டிப் பலகையோடு எகிறிக் குதிக்கும்போது, வால் கணீரென்று எகிறியது. சில மாதங்களில் அந்த எகிறல் மங்கியது, எந்த மேப்பிள் பலகைக்கும் நேர்வதுபோலவே. கொழும்பில் நல்ல தரை கிடைப்பதே அரிது என்பதால், பலகையின் குறையையும் தரையின் குறையையும் பிரித்தறிவதும் எளிதன்று. மாமல்லபுரத்திலும் கோவளத்திலும் கடற்கரைப் பிள்ளைகள் ஓடுவதைப் பார்த்துவிட்டு வந்து, இங்கே காலி வீதி நடைபாதையின் கற்கள்மீது சக்கரத்தை வைத்துப் பார்ப்பவருக்கு நான் சொல்வது விளங்கும்.

விலைக்கு வருவோம். வெளிநாட்டில் பெயர் போட்ட பலகை அறுபது, எழுபது டொலர். வெற்றுப் பலகை அதில் பாதி அளவு. முப்பது டொலர் என்று வைத்துக்கொண்டால், 2022இன் தொடக்கத்தில் ரூபாய் இருந்த நிலையில் அது ஆறாயிரம் ரூபாய். அதே ஆண்டின் நடுப்பகுதியில் பத்தாயிரத்து எண்ணூறு ரூபாய். அதன்மேல் கப்பற் செலவு, சுங்கத் தீர்வை, 2024 ஜனவரி முதல் 18 சதவீதமாக உயர்ந்த பெறுமதி சேர் வரி எல்லாம் ஏறுகின்றன. 2022இன் பொருளாதார நெருக்கடிக் காலத்தில் அத்தியாவசியமற்ற பல பொருள்களின் இறக்குமதியே நிறுத்தப்பட்டிருந்தது. அப்போது உடைந்த பலகைக்கு மாற்றுக் கிடைக்காமல் பலர் ஓடுவதையே நிறுத்தினார்கள். இதையெல்லாம் கணக்கிட்டால் நான் கொடுத்த விலை நியாயமானதே. பற்றுச்சீட்டுக் கேட்டேன், தந்தார். தொழிலாகச் செய்பவர்கள் அதைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும். பலகையும் மார்க்கரும் வார்னிஷும் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்டக்கூடியவை.

பலகை, நிறம், வார்னிஷ், உழைத்த நேரம் எல்லாவற்றையும் கூட்டி, ஓடும் பலகைக்கு விலை சொன்னால் கொழும்பில் வாங்குவதற்கு ஆள் இல்லை. ஓடுபவர்கள் பெரும்பாலும் மாணவர்கள் அல்லது வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்கள். "மச்சான், நமக்கு ஒண்டு கீறித் தாவன்" என்பதுதான் இந்த வட்டாரத்தின் வழக்கமான கட்டளை. அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. ஸ்கேட்போர்ட் உலகில் உதவி என்பது எப்போதும் இரு வழியாகப் போகிறது. வீழ்ந்தால் தூக்குவதும், ட்ரக்கின் திருகாணியைக் கழற்றித் தருவதும், காணொளி எடுத்துத் தருவதும் அவர்கள்தான். ஆனால் ஆண்டுக்கு எத்தனை பலகை நட்புக்காக, எத்தனை பணத்துக்காக என்பதை ஓவியர் தமக்குள் தீர்மானித்து வைத்துக்கொள்ள வேண்டும். என் நடைமுறை எளியது. நண்பர் வெற்றுப் பலகையைத் தாமே வாங்கி வந்தால், ஓடுவதற்காக மட்டும், ஒரு மாலைக்குள் முடியும் படத்தை இலவசமாக வரைந்து கொடுப்பேன். சுவரில் மாட்டுவதற்கென்றால் முழு விலை. இந்த எல்லையை வைத்த பிறகு நட்பும் கெடவில்லை, வேலையும் கெடவில்லை.

பணம் வருவது சுவருக்கான பலகையிலிருந்தும், அதைப் பார்த்துவிட்டு வரும் வேறு வேலைகளிலிருந்தும்தான்: தேநீர்க் கடையின் சுவரோவியம், ரீ-சேர்ட், ஒரு சிறு ஆடை நிறுவனத்துக்கான வடிவமைப்பு. அங்கே உரிமைப் பிரச்சினை தொடங்குகிறது. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, படத்தை வரைந்த கணத்திலேயே பதிப்புரிமை வரைந்தவருக்கு உண்டாகிறது, பதிவு செய்ய வேண்டியதில்லை. அவருடைய வாழ்நாளுக்கும் அதன் பின் 70 ஆண்டுகளுக்கும் அது நீடிக்கிறது. பலகையை விற்பதனால் படத்தின் உரிமையும் விலையாகிவிடுவதில்லை. ஆயினும், ஊழியராக இருந்து வேலையின் பகுதியாக வரைந்தவற்றில், ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால், பொருளாதார உரிமை வேலை கொடுத்தவருக்கே சேரும். பகலில் விளம்பர நிறுவனத்தில் வடிவமைப்பாளராக இருந்துகொண்டு இரவில் பலகை வரைபவர்கள் நம்மிடையே அதிகம் என்பதால் இதைச் சொல்கிறேன். அலுவலகக் கணினியில் தொடங்கிய படத்தைப் பலகைக்குக் கொண்டுவராதீர்கள். பலகைக்கென வரைந்ததை ஆடைக்குப் பயன்படுத்த யாராவது கேட்டால், எத்தனை பிரதி, எவ்வளவு காலம் என்று எழுத்தில் வாங்குங்கள்.

இரண்டையும் கைவிடாமல் கொண்டுசெலுத்தியவர்கள் உலகில் இல்லாமல் இல்லை. மார்க் கொன்சாலஸ் வீதி ஸ்கேட்போர்டிங்கின் முன்னோடிகளில் ஒருவர். தம் பலகைகளின் படங்களைத் தாமே வரைந்தார், 1989இல் பிளைண்ட் நிறுவனத்தின் உருவாக்கத்தில் பங்கேற்றார், இன்றும் ஓவியராக அறியப்படுகிறார். எட் டெம்பிள்டன் தொழில்முறை ஓட்டக்காரராக இருந்தபடியே 1993இல் டோய் மெஷின் நிறுவனத்தைத் தொடங்கி, அதன் படங்களை வரைந்துகொண்டே, ஓவியராகவும் புகைப்படக் கலைஞராகவும் காட்சிக்கூடங்களுக்குள் நுழைந்தார். இருவரிடமும் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு: சொந்த நிறுவனம், அல்லது அதில் ஒரு பங்கு. கூலிக்குப் படம் வரைந்துகொடுத்ததனால் மட்டும் அவர்கள் நிலைக்கவில்லை. மறுபுறத்தில், சுப்ரீம் என்னும் அமெரிக்க ஸ்கேட்போர்ட் ஆடை நிறுவனம் இருபது ஆண்டுகளில் வெளியிட்ட 248 பலகைகளின் முழுத்தொகுதியை 2019 ஜனவரியில் சதபீஸ் ஏல நிறுவனம் 800,000 டொலருக்கு விற்றது. பலகை ஒன்றுக்குச் சராசரியாக 3,200 டொலருக்கு மேல். அந்த விலைக்குக் காரணங்களில் ஒன்று, அவற்றில் எதன்மீதும் யாரும் ஏறி நிற்கவில்லை என்பது. டேமியன் ஹேர்ஸ்ட், முரகாமி, ஜெஃப் கூன்ஸ் போன்றோரின் படங்கள் அச்சிட்ட பலகைகளும் அதில் இருந்தன. அவர்களுடைய பெயர் ஸ்கேட்போர்டுக்கு வெளியே ஏற்கெனவே நிலைபெற்றுவிட்டது என்பதையும் சேர்த்தே அந்தத் தொகையைப் படிக்க வேண்டும்.

கொழும்பில் இதற்குச் சமமான சந்தை இல்லை. ஆனால் வாசல் அடைபட்டும் இல்லை. ஜோர்ஜ் கீற் மன்றம் 1993 முதல் நடத்திவரும் கலா பொல என்னும் திறந்தவெளி ஓவியச் சந்தையில், பலகை ஓவியத்தைக் கன்வஸ்களுக்கு நடுவே வைத்தால் மக்கள் நின்று பார்ப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்தச் சந்தை கூடும் வீதிக்கு ஆனந்த குமாரசுவாமியின் பெயர். 1877இல் இதே கொழும்பில் பிறந்த அவர், பயன்படு பொருளையும் கலைப்பொருளையும் வெவ்வேறாகப் பிரித்து வைப்பது நவீன காலத்தின் கோளாறு என்று வாழ்நாள் முழுவதும் எழுதியவர். சக்கரம் பூட்டிய பலகையை அந்த வீதியில் விற்பதற்கு இதைவிட நல்ல சிபாரிசு வேண்டியதில்லை. வாங்குபவர் அதைச் சுவரில்தான் மாட்டுவார் என்பது வேறு கதை.

பலகையோடு சேர்த்து வாங்க வேண்டிய இன்னொரு பொருளை விற்பனையாளர் எடுத்துக் காட்டவில்லை. அலுமாரியின் அடித்தட்டில் தூசி படிந்து கிடந்தது. மணிக்கட்டுக் காப்பு. வரைந்து பிழைப்பவருக்கு ட்ரக்கைவிட அது முக்கியம். விழும்போது கையை ஊன்றுவது மனித இயல்பு. அப்படி ஊன்றும்போது அடிபடுவது பெருவிரலின் அடியில், மணிக்கட்டில் உள்ள ஸ்கேபொயிட் என்ற சிறிய எலும்பு. அதற்கு இரத்த ஓட்டம் குறைவு, அதனால் மெதுவாகவே கூடும். முதல் எக்ஸ்ரேயில் முறிவு தெரியாமல் போவதும் உண்டு. கையை ஆறு வாரமோ, மூன்று மாதமோ கட்டுப்போட்டு வைக்க நேர்ந்தால், சம்பளத்துக்கு வேலை செய்பவருக்கு விடுமுறை. ஒப்பந்தத்துக்கு வரைபவருக்கு வருமானமே இல்லை. காப்பு அணிந்து ஓடுவதைப் பகிடி பண்ணுபவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வாடகை கட்டும் கை எது என்று தெரியாது. பெரிய வேலை ஒன்றை ஒப்படைக்க வேண்டிய வாரத்தில் நான் பலகையைத் தொடுவதில்லை. ஒப்படைத்த மறுநாள் ஓடுகிறேன். விழுந்த பின் பெருவிரலின் அடியில் அழுத்தும்போது வலித்தால், வீக்கம் இல்லாவிட்டாலும் மருத்துவரிடம் போங்கள்.

அளவைத் தேர்வதில் என் பரிந்துரை: ஓடுவதற்கும் வரைவதற்கும் தொடங்குபவர் எட்டேகாலை எடுக்கலாம்; சுவருக்கு மட்டுமானால் எட்டரை அங்குலம், அதன் கூடுதல் கால் அங்குலம் படத்துக்கு மூச்சுவிட இடம் தருகிறது. கால் வழுக்காமல் இருக்க மேற்பரப்பில் ஒட்டும் சொரசொரப்பான கிரிப் டேப்பைச் சுவர்ப் பலகைக்கு வாங்க வேண்டாம். விற்பனையாளர் பழகுவதற்கு நல்லவர், கேட்ட கேள்விக்குத் தெரிந்ததைச் சொல்கிறார், முறுகிய பலகையை மறைத்து விற்பதில்லை. அவரிடம் ஒன்று கேட்டிருக்கிறேன்: அடுத்த தொகுதியை வரவழைக்கும்போது சில பலகைகளையாவது ஆணித் துளை போடாமல் அனுப்பச் சொல்லும்படி. சுவருக்குப் போகும் பலகைக்கு எட்டுத் துளைகள் தேவையில்லை. ஓட விரும்புபவர் பின்னர் ஒரு பழைய பலகையை மேலே வைத்து அடையாளமிட்டுத் துளைத்துக்கொள்ளலாம். தொழிற்சாலை குறைந்தது எத்தனை பலகைகளுக்கு அப்படிச் செய்து தருமென்று விசாரித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். அந்த எண்ணிக்கையை ஒருவரே வாங்க முடியாது என்பதால், கொழும்பில் பலகை வரையும் மற்றவர்களும் அவரிடம் இதையே கேட்டால் நல்லது.